கம்ப்யூட்டருக்குள் ஒரு திராட்சைத் தோட்டம்

எம்.டெக். இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் நெட்வொர்க் பிரிவு மாணவர்களிடம் ஆய்வுத் தலைப்பை யாரும் அவ்வளவாக விசாரிப்பதில்லை. "எந்த சிமுலேட்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். சீனியர்கள் கேட்கிறார்கள், லேப் உதவியாளர் கேட்கிறார், ஹாஸ்டல் அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் கேட்கிறார்கள். மாப்பிள்ளை முடிவாகும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டச் சொல்வது போன்ற அவசரம்.

சிமுலேட்டர் தேவைப்படுவதற்குக் காரணம் எளிமையானது. நூறு கருவிகள் ஒன்றோடொன்று பேசும் நெட்வொர்க்கை நிஜத்தில் அமைக்கக் காசு வேண்டும், இடம் வேண்டும், ஆள் வேண்டும். மாணவனிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் பத்து மாதமும். ஆகவே நெட்வொர்க்கை அந்த லேப்டாப்புக்குள்ளேயே கட்டுகிறான். செய்தி புறப்படுவது, வழியில் இன்னொரு செய்தியுடன் மோதுவது, தொலைந்து போவது, போய்ச் சேருவது எல்லாம் கணக்கில் நடக்கின்றன. ஒரு மாதத்துப் போக்குவரத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

நாசிக் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவரின் மகளுக்கும் இதே கேள்வி வந்தது. மற்றவர்களைப் போலல்லாமல் அவளிடம் தலைப்பு முன்பே இருந்தது. அதைக் கொடுத்தவர் அவள் அப்பா. அடிச்சாம்பல் நோய் திராட்சைக் கொடியைத் தாக்குவது இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம். இலை ஈரத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளந்து, கம்பியில்லாமல் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் சென்சார்களை ஒரு வியாபாரி விற்க வந்திருந்தார். தோட்டத்துக்கு நூறு போதும் என்றார். அப்பா மகளைக் கேட்டார்: "நூறும் ஒரே நேரத்தில் பேசினால், ராத்திரி மழையில் வர வேண்டிய செய்தி வந்து சேருமா?"

வாங்கலாமா, வேண்டாமா என்பது அவள் பதிலைப் பொறுத்திருந்தது.

சீனியர்கள் சொன்ன முதல் பெயர் என்.எஸ்-2. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இது கிட்டத்தட்ட குலதெய்வம். இதன் வம்சாவளியில் ஒரு இந்தியத் தொடர்பும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'நெஸ்ட்' என்ற சிமுலேட்டரை அடிப்படையாகக் கொண்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1980களின் இறுதியில் 'ரியல்' என்ற சிமுலேட்டரை எழுதியவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த எஸ். கேசவ். அதிலிருந்து லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1990களின் நடுவில் என்.எஸ். பிறந்தது. பிறகு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் நிதியில் என்.எஸ்-2 வளர்ந்தது. இலவசம். மூல நிரல் கையில் கிடைக்கும். உலகம் முழுதும் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அதில்தான் பழகினார்கள்.

ஆனால் அதன் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2011 நவம்பரில். பிறகும் அது கல்லூரிகளில் உயிர் வாழக் காரணம், ஏற்கெனவே எழுதிய நிரல்கள் மலைபோல் குவிந்திருப்பதுதான். சீனியரின் ஃபைலை வாங்கி, கருவிகளின் எண்ணிக்கையை 50லிருந்து 75 ஆக மாற்றி, வளைகோட்டை மறுபடி வரைந்தால் ஒரு அத்தியாயம் தயார். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்குப் பெரிய நகரங்களில் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணத்தைக் கட்டினால் நிரல், வரைபடம், அறிக்கை, வாய்மொழித் தேர்வில் சொல்ல வேண்டிய பதில் வரை கொடுப்பார்கள். அங்கேயும் முதலில் கேட்பது அதே கேள்விதான்: எந்த சிமுலேட்டர்?

உடன் படித்த ஒருவன் தீபாவளிக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. வாங்கிய வளைகோட்டை நம்பி அப்பாவிடம் காசைப் போடச் சொல்ல முடியாது.

மற்ற பெயர்களையும் விசாரித்தாள். என்.எஸ்-2க்குப் பதிலாக 2006ல் தொடங்கி, 2008ல் முதல் பதிப்பு கண்டது என்.எஸ்-3. பெயர்தான் வாரிசு, நிரல் புதிதாக எழுதப்பட்டது, பழைய ஃபைல்கள் அதில் ஓடாது. இந்தியாவில் இதற்கு நல்ல ஆதரவு உண்டு. இதைப் பயன்படுத்துவோரின் சர்வதேசப் பயிலரங்கு 2018ல் சூரத்கல் என்.ஐ.டி.யில் நடந்தது. ஹங்கேரியில் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ராஸ் வர்கா உருவாக்கிய ஆம்நெட் பிளஸ் பிளஸ் இன்னொன்று. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம். வியாபாரத்துக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். செய்திகள் ஓடுவதைத் திரையில் பார்க்கலாம் என்பதால் புதியவர்களுக்குப் பிடிக்கும். காசு கொடுத்து வாங்குபவற்றில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒத்துழைப்போடு உருவான 'நெட்சிம்' இந்தியக் கல்லூரிகளுக்குத் தெரிந்த பெயர்.

இத்தனை பெயர்களைக் கேட்ட பிறகும் அவளுக்குத் தெளிவு வரவில்லை. பட்டியலில் சிறந்தது எது என்று தேடும்வரை வராது. தெளிவு வந்தது, அப்பாவின் கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

வியாபாரியின் சென்சார்கள் 'லோரா' என்ற முறையில் பேசுபவை. குறைந்த மின்சாரத்தில், மெதுவாக, நெடுந்தூரம் பேசும் ரேடியோ அது. திறந்த வெளியில் சில கிலோமீட்டர் எட்டும். பேட்டரி ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்கென்றே எழுதப்பட்ட சிமுலேஷன் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே பட்டியல் மூன்றாகச் சுருங்கியது. ஒன்று, இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016ல் அறிமுகமான 'லோராசிம்'. பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல். இரண்டாவது, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தினர் என்.எஸ்-3க்காக எழுதிய லோரா பகுதி. மூன்றாவது, ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகம் ஆம்நெட்டுக்கு அளித்த 'ஃப்ளோரா'.

மூன்றையும் நிறுவுவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. லோராசிம் பழைய பைத்தான்-2ல் எழுதப்பட்டது. அந்த மொழிக்கான ஆதரவு 2020 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஃப்ளோராவுக்கு இன்ன பதிப்பு ஆம்நெட், இன்ன பதிப்பு துணை நிரல் என்று பொருத்தம் பார்க்க வேண்டும். என்.எஸ்-3ன் லோரா பகுதியும் தனியாகத் தரவிறக்கி, பதிப்பு பார்த்துச் சேர்க்க வேண்டியதுதான். ஜாதகப் பொருத்தம் தோற்றது. சாஃப்ட்வேரை ஒப்பிடும் அட்டவணைகளில் இந்த மூன்று வாரத்துக்கு ஒரு கட்டம் இருப்பதில்லை. மாணவனின் பத்து மாதத்தில் அது பெரிய செலவு.

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். "சிமுலேட்டரைத் தொடும் முன், பென்சிலால் ஒரு விடை எழுதிக் கொண்டு வா. அது என்ன சொல்லும் என்று உனக்கு உத்தேசமாகக்கூடத் தெரியாவிட்டால், அது பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

பென்சில் கணக்குக்கு வழி இருந்தது. லோரா சென்சார்கள் பேசும் விதம் 1971ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அலோஹா நெட்வொர்க்கின் பழைய விதம்தான். யாரையும் கேட்காமல், தோன்றும்போது பேசு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் அழியும். இதற்குச் சூத்திரம் உண்டு. நூறு சென்சார், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி, எல்லாம் ஒரே அலைவரிசையில் என்று வைத்துக்கொள்வோம். லோராவில் வேகமாகப் பேசினால் ஒரு சிறு செய்திக்குச் சுமார் 0.06 வினாடி ஆகும். அப்போது 100 செய்திகளில் 98 போய்ச் சேரும். தூரம் எட்ட வேண்டும் என்பதற்காக மிக மெதுவாகப் பேசினால் அதே செய்திக்குச் சுமார் 1.5 வினாடி. அப்போது போய்ச் சேருவது 61 மட்டுமே.

98க்கும் 61க்கும் இடையே அப்பாவின் பணம் ஊசலாடியது. எது நிஜம் என்பதைத் தீர்மானிப்பது, தோட்டத்தின் மூலையில் இருக்கும் சென்சார் வேகமாகப் பேசியும் வீட்டுக்குக் கேட்குமா என்ற ஒரே விஷயம்.

பிறகு மூன்று சிமுலேட்டரையும் ஓட்டினாள். ஒரே தோட்டம், ஒரே நூறு சென்சார். விடைகள் மூன்று.

புதியவர்கள் இந்த இடத்தில் நிரலில் பிழை தேடுவார்கள். ஆனால் இது தெரிந்த நோய். ஸ்விட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் மூன்று பேர் 2002ல் ஒரு காரியம் செய்தார்கள். ஆப்நெட், என்.எஸ்-2, குளோமோசிம் என்ற மூன்று புகழ்பெற்ற சிமுலேட்டர்களில், ஒரு செய்தியை எல்லோருக்கும் பரப்பும் மிக எளிய முறையை ஓட்டிப் பார்த்தார்கள். விடைகள் பெரிதும் வேறுபட்டன. எண்கள் மட்டுமல்ல, வளைகோட்டின் போக்கே மாறியது. ரேடியோ அலை எப்படிப் பரவும், மோதலில் என்ன ஆகும் என்பதில் ஒவ்வொரு சிமுலேட்டருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. மாணவன் தேர்ந்தெடுக்கும்போது அந்த அபிப்பிராயத்தையும் சேர்த்தே வாங்குகிறான், பெரும்பாலும் படிக்காமல்.

படிக்காமல் விட்டதன் விலைக்கும் உதாரணம் உண்டு. நடமாடும் கருவிகளின் நெட்வொர்க்கை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகள் ஒரே நடமாட்ட மாதிரியைப் பயன்படுத்திவந்தார்கள். கருவி ஏதோ ஒரு திசையில், ஏதோ ஒரு வேகத்தில் நகரும்; குறைந்தபட்ச வேகம் பூஜ்யம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2003ல் இதன் உள்விவகாரத்தை வெளியே கொண்டுவந்தார்கள். மிக மெதுவான வேகம் கிடைத்த கருவிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக அப்படி ஊர்பவை கூடும். சராசரி வேகம் தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். நடமாட்டத்தை அளப்பதாக நினைத்தவர்கள், மெல்ல உறைந்துகொண்டிருந்த கூட்டத்தை அளந்திருந்தார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியினர் அதே காலத்தில் இன்னொரு பட்டியல் போட்டார்கள்: கம்பியில்லா நெட்வொர்க் ஆராய்ச்சி கேள்வி கேட்காமல் நம்பும் தவறான வேதவாக்குகள். உலகம் தட்டையானது. ரேடியோ எட்டும் பரப்பு வட்டமானது. நீ பேசுவது எனக்குக் கேட்டால் நான் பேசுவது உனக்கும் கேட்கும். நிஜ மைதானத்தில் அளந்தபோது எதுவும் நிற்கவில்லை.

எனவே அவள் மூன்று சிமுலேட்டர்களின் அபிப்பிராயங்களையும் வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தாள். உள்ளே இருந்தது ஐரோப்பா. அலைவரிசை 868 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் லோரா பேசுவது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அங்கே ஒரு கருவி மொத்த நேரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் பேசக் கூடாது என்ற விதி உண்டு. என்.எஸ்-3ன் லோரா பகுதி அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. ஒன்றரை வினாடி பேசிய சென்சார் இரண்டரை நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். லோராவின் இந்திய விதிகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவசரச் செய்தி தொலைந்து, மறுபடி அனுப்ப நேர்ந்தால், இந்த ஒரு விதி விடையையே மாற்றிவிடும். லோராசிம் குழுவினரின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரையில் 3.8 ஹெக்டேருக்கு 120 கருவிகள் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. வியாபாரியின் நூறு என்ற எண்ணுக்கு அது ஆதரவு போலத் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு நவீன நகர அமைப்பு ஒன்றுக்குப் போடப்பட்டது. அங்கே திராட்சைப் பந்தல் இல்லை.

பந்தல்தான் விஷயம். நாசிக் பகுதியில் திராட்சைக் கொடிக்கு ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்கிறார்கள், ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. கவாத்து முடிந்தால் தோட்டம் வெறும் குச்சியும் கம்பியுமாக நிற்கும். இரண்டு மாதத்தில் இலை அடர்ந்துவிடும். ஈரமான இலை ரேடியோ அலையை விழுங்கும். நோய் வருவதும் அப்போதுதான். அதாவது செய்தி மிகவும் தேவைப்படும் இரவில்தான் அது வந்து சேருவது மிகக் கடினம். இந்த இலையைப் பற்றி எந்த சிமுலேட்டருக்கும் தெரியாது. தோட்டக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு லோரா கருவிகளைக் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். ஒன்றை வீட்டு மொட்டை மாடியில் வைத்தாள். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். அக்டோபர் கவாத்து முடிந்ததும் ஒரு முறை, இலை அடர்ந்த பின் ஒரு முறை, விடியற்காலைப் பனியில் ஒரு முறை. ஒவ்வொரு இடத்திலும் அலையின் பலத்தை நோட்டில் குறித்தாள். சிமுலேட்டரில் ஐரோப்பா இருந்த இடத்தில் இந்த எண்களைப் போட்டாள்.

இதற்கிடையில் கேள்வியும் மாறிவிட்டிருந்தது. ஆய்வுக் கட்டுரைகள் வழக்கமாக வரைவது சராசரி: நூற்றுக்கு எத்தனை செய்தி சேர்ந்தது. அப்பாவுக்குச் சராசரியால் பயனில்லை. மாதம் முழுவதும் 95 சதவீதம் வந்துவிட்டு, மழை பெய்த ஒரே இரவில் ஒரு மூலை நான்கு மணி நேரம் மௌனமாக இருந்தால், காலையில் மருந்து தெளிக்கத் தவறிவிடும். அவருக்கு வேண்டியது மிக நீண்ட மௌனம் எவ்வளவு என்ற எண். அவசரச் செய்திக்கு, 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் சென்சார் மறுபடி அனுப்ப வேண்டும். அந்தப் பதில் செய்தி லோராசிம்மின் கணக்கில் இல்லை. என்.எஸ்-3ல் உண்டு.

கடைசியில் அவள் எடுத்தது என்.எஸ்-3. காரணங்களை அறிக்கையில் வெளிப்படையாக எழுதினாள். பதில் செய்தி அதில் இருந்தது. சி பிளஸ் பிளஸ் அவளுக்குத் தெரியும். லேபில் அதை ஓட்டிப் பழகிய ஒருவர் இருந்தார். மூன்றாவது காரணம் ஆராய்ச்சியின் கம்பீரத்துக்குப் பொருந்தாது என்று ஒரு நண்பர் சொன்னார். ஆனால் இரவு 11 மணிக்கு நிரல் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது என்பதைவிடப் பெரிய காரணங்கள் மாணவர்களுக்கு அதிகம் இல்லை. லோராசிம்மைத் தூக்கிப் போடவில்லை. சிறிய நிரல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடலாம். அதை இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொண்டாள். பதில் செய்தி இல்லாத எளிய நிலையில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா, பென்சில் கணக்குக்கு அருகில் வருகின்றனவா என்று பார்த்த பிறகே மேலே போனாள்.

பிற்சேர்க்கையாக ஒரு பக்கம் சேர்த்தாள். சிமுலேட்டரின் பெயர், பதிப்பு எண், மாற்றிய எண்கள், மாற்றாமல் விட்டவை, எத்தனை முறை ஓட்டினாள், ஒவ்வொரு முறையும் தற்செயல் எண்கள் எந்த விதையிலிருந்து புறப்பட்டன. பார்க்க மளிகைப் பட்டியல் போலிருக்கும். ஆனால் இந்தப் பட்டியல் எவ்வளவு அபூர்வம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்லூரியினர், இந்தத் துறையின் முக்கிய மாநாடு ஒன்றில் 2000 முதல் 2005 வரை வெளியான 151 கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். சிமுலேஷன் செய்தவை 114. எந்த சிமுலேட்டர் என்று பெயர் சொன்னவை 80தான். மீதி 34 கட்டுரைகள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உலகின் முன்னணி ஆராய்ச்சியாளர்கள் கதை இது.

ஆகவே எந்த சிமுலேட்டர் என்ற கேள்வி தவறான கேள்வி அல்ல, சீக்கிரம் கேட்கப்படும் கேள்வி. முதலில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவாக வேண்டும். அடுத்து அந்த விடைக்கு எந்த விவரம் முக்கியம் என்று பார்க்க வேண்டும். அவளுக்கு இலையும் பதில் செய்தியும். இன்னொருவருக்கு நகரும் வாகனங்களின் வேகமாக இருக்கலாம், டேட்டா சென்டரின் நெரிசலாக இருக்கலாம். அந்த விவரத்தைத் திறந்து படிக்கவும் மாற்றவும் விடுகிற சாஃப்ட்வேர் எதுவானாலும் போதும். விலையும் புகழும் அதற்குப் பிறகு.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் வளைகோடுகளை வேகமாகப் புரட்டினார். பிற்சேர்க்கையில் நின்றார். "இந்த நோட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. பனியில் நனைந்து மை கலைந்த பக்கங்களும் இருந்தன.

வியாபாரி நூறு விற்க நினைத்த இடத்தில் அப்பா இருபது வாங்கினார். வீட்டிலிருந்து தொலைவாக, இலை மிக அடர்ந்த மூலைகளில் வைக்கச் சொன்னது மகள். "மழைக்கு அப்புறம் மிச்சத்தைப் பற்றிப் பேசலாம்" என்று வியாபாரியிடம் அப்பா சொல்லி அனுப்பினார்.